தொலைந்த பொருள்களின் பொறுப்பாளர்

என் மகளுக்கு வீட்டில் முணுமுணு என்று பெயர். அவள் அப்பா வைத்தது. எதைக் கேட்டாலும் வாய்க்குள்ளேயே பதில் சொல்வாள். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் புரியும். அப்படிக் கொடுத்தாலும் பாதி நாள் கேட்பது ஒரே பதில்தான்: "எனக்கு ஒண்ணும் வராதும்மா."

அவள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் புதிதாக வந்த டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். வகுப்பில் ஆளுக்கு ஒரு பொறுப்பு. தனக்கு என்ன நன்றாக வரும் என்று எழுந்து சொல்ல வேண்டும், அதற்குத் தகுந்த வேலை கிடைக்கும். செடிக்குத் தண்ணீர், மணி அடிப்பது, விளையாட்டுப் பந்து, புத்தக அலமாரி என்று எல்லாரும் போட்டி போட்டு வாங்கிக்கொண்டார்கள். முணுமுணு எழுந்தாள், வராது என்றாள், உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கேட்காமல் மிஞ்சியது தொலைந்த பொருள் அலமாரி. மாடிப்படிக்குக் கீழே நிற்கும் இரும்பு அலமாரி அது. பள்ளிக்கூடத்தில் எங்கே எது கிடந்தாலும் அதற்குள்தான் போகும். ஒற்றைக் காலுறை, உடைந்த குடை, யாரோ போன மாதம் மறந்து விட்டுப்போன சாப்பாட்டு டப்பா. கதவைத் திறந்தால் வாடை ஆளைப் பின்னுக்குத் தள்ளும். டீச்சர் சாவியை அவள் கையில் வைத்து, "இனிமே இது உன் பொறுப்பு. எப்படி நடத்தணும்னு நீயே யோசி," என்றாராம்.

வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அழுதாள். "குப்பையைக் குடுத்துட்டாங்க."

"குப்பையோ கோபுரமோ, சாவி உன்கிட்டதானே இருக்கு," என்றார் அவள் அப்பா. சரக்கு வண்டி ஓட்டுகிறவர், எதையும் இப்படித்தான் பேசுவார். "எனக்கு இருபது வருஷமா யாரும் சொந்தமா ஒரு சாவி குடுக்கலை."

அழுது முடித்தபிறகு அவளாகவே ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். என்ன பொருள், எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் வாங்கிப் போனது, கையெழுத்து. நான் எட்டிப் பார்த்தேன். 'நீலத் தண்ணீர் பாட்டில், மூடியைக் கடித்த தடம் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். போலீஸ்காரர்கூட இவ்வளவு எழுதமாட்டார்.

ஒருநாள் ஒரே தொப்பிக்கு இரண்டு பையன்கள் வந்து நின்றார்களாம். இவள் தொப்பியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "உள்ள என்ன ஒட்டியிருக்கு?" என்று கேட்டாளாம். ஒருவன் திருதிருவென்று முழித்தான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு, "சூயிங்கம்," என்றான். தொப்பி அவனுக்குப் போனது. அன்று ராத்திரிச் சோற்றில் கை வைத்தபடி இதையே மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நாங்கள் காதைக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கேட்டது.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் நான்தான் கையை வைத்தேன்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத இடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி எல்லாம் மலை மாதிரி வந்து இறங்கும். ரத்தமும் சீழும் பட்ட துணி என்பதால் கொதிக்கக் கொதிக்கத்தான் துவைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக என் கை இயந்திரத்தில் சூடு வைக்கும் குமிழை ஒரே இடத்துக்குத்தான் திருப்பியிருக்கிறது. அங்கே இருந்த எண் தேய்ந்தே போய்விட்டது.

அலமாரியில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்த துணிகளை முணுமுணு ஒரு பையில் போட்டு எடுத்துவந்தாள். "நாத்தம் அடிக்குதும்மா. கேக்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. துவைச்சு வைக்கலாமா?"

"குடு. நம்ம தொழில்தானே," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும், எங்கள் ஏப்ரன்களைத் துவைக்கும் சின்ன இயந்திரத்தில் பையைக் கவிழ்த்தேன். மூடியைச் சாத்தினேன். கை தானாகப் போய்க் குமிழை அதே சூட்டுக்குத் திருகியது. காலுறைகள் பளிச்சென்று வந்தன, தொப்பிகள் வந்தன. அடியில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். கம்பளி ஸ்வெட்டர். நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. போடும்போது எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவில் இருந்தது, இப்போது பொம்மைக்குத்தான் ஆகும். துணியும் அட்டை மாதிரி தடித்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அம்மா, பச்சை ஸ்வெட்டருக்கு ஆள் கிடைச்சாச்சு. மூணாம் கிளாஸ் குட்டி. காய்ச்சல்னு ரெண்டு வாரம் வரவே இல்லையாம். நான் காட்டாமலே சொல்லிட்டா. வெள்ளைக் கோடு, முழங்கையில மட்டும் வேற பச்சைல தச்சிருக்கும்னு. அவ அக்கா பின்னினதாம். துவைச்சு நாளைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்."

நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை வாங்கினாள், துழாவினாள், எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்வெட்டரை மடியில் போட்டு, சுருங்கிய கையை நீவி நீவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இல்லன்னு சொல்லிடு," என்றேன். "அலமாரியில தேடிப் பாத்தேன், காணோம்னு சொல்லு."

"இருக்குன்னு சொல்லிட்டேனே."

"அப்ப யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாங்கன்னு சொல்லு. பூட்டு சரியில்லன்னு சொல்லு."

"நோட்டுல எழுதியிருக்கும்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னும் எழுதியிருக்கேன்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு. சாவியைப் புடுங்கிட்டா என்னடி பண்ணுவ?"

அவள் நிமிர்ந்தாள். "அது என் நோட்டு," என்றாள்.

சமையல் மேடை அருகே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அப்பா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டி நிறைய வெள்ளை விரிப்பில் நீலச் சாயம் ஏறிவிட்டது. நீலத்துணியைப் பார்க்காமல் சேர்த்துப் போட்டது நான். மேஸ்திரி வந்து யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வேலைக்கு வந்து நாலு நாள் ஆன பெண் ஒருத்தி திட்டு வாங்கினாள், அடுத்த வாரம் நின்றுவிட்டாள். அப்படி வாயை மூடி மூடித்தான் பதினெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். கிழித்துவிடு என்று என் வாய் அவ்வளவு சுலபமாகச் சொன்னது அதனால்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேனா எடுத்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் மத்தியான இடைவேளையில் நர்ஸ் ஒருவர் எங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கையெழுத்துப் போடுவேன், பெயர்ப் பலகை படிப்பேன். கடிதம் என்று எழுதியதில்லை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரிப்பு பிழிந்ததுபோல் கை வலித்தது. 'ஸ்வெட்டரைத் துவைத்தது நான். கொதிக்கிற தண்ணீரில் போட்டது நான். என் மகள் மேல் தப்பு இல்லை. அவள் ரொம்ப நல்லவள்.'

முணுமுணு வாங்கிப் படித்தாள். "கடைசி வரி எதுக்கு? அடிச்சிடு."

"உண்மைதானே எழுதியிருக்கேன்."

"அதை நீ சொல்லக் கூடாதும்மா. டீச்சர்தான் சொல்லணும், சொன்னா."

அடித்தேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காலையில் போனாள். இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அன்றைக்கு என்னோடு விரிப்பு மடிக்கும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராக நடந்துவந்துதான் மடிப்போம்.

"ஊர்த் துணியெல்லாம் துவைச்சவ, ஒரு ஸ்வெட்டரைத் துவைக்கத் தெரியாம போச்சே," என்றாள் அக்கா.

"குத்திக் காட்டாதேக்கா."

"குத்தலை. நீ இழுக்குற இழுப்புல இந்த விரிப்பும் கிழியப் போகுது. பொண்ணு பாத்துக்குவா, விடு."

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றினாள். அவளே ஆரம்பித்தாள்.

"முதல்ல அந்தக் குட்டி கிளாஸுக்குப் போனேன். டீச்சர்கிட்ட அப்புறம்தான். ஸ்வெட்டரைக் குடுத்து, இப்படி ஆயிடுச்சு, நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னு சொன்னேன். அழுதா. எனக்குக் காது சுட்டுது."

"அப்புறம்?"

"போட்டுப் பாக்குறேன்னு சொல்லி ஒரு கையை விட்டா. முழங்கைக்கு மேல ஏறலை. கழட்டவும் வரலை. நான் இந்தப் பக்கம் இழுக்குறேன், அவ அந்தப் பக்கம் இழுக்குறா, ரெண்டு பேரும் விழுந்துட்டோம். அப்ப அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அழுதுட்டே சிரிச்சா."

பிறகு இருவருமாக டீச்சரிடம் போயிருக்கிறார்கள். இவள் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்திருக்கிறாள். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றிருக்கிறாள். டீச்சர் குட்டியைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாராம்.

"அவ என்ன சொன்னா?"

"இந்த அக்காகிட்டயே இருக்கட்டும்னா. இல்லன்னு சொல்லியிருந்தா நான் தெனம் தேடிட்டே இருந்திருப்பேன்னா."

அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவள் நான். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"சாவி?"

"எடுத்துக்குறதும் வெச்சுட்டுப் போறதும் உன் இஷ்டம்னு டீச்சர் சொன்னாங்க. ரொம்ப நேரம் நின்னேம்மா. மணிகூட அடிச்சுடுச்சு." பாவாடைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். கூடவே என் கடிதமும் வந்தது, மடிப்புக் கலையாமல்.

"குடுக்கலையா?"

"இல்ல. அதைக் குடுத்தா உன் மேல போட்ட மாதிரி ஆயிடும். துவைச்சது நீ. எடுத்துட்டு வந்தது நான். என்னோடதை நான் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதியது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பாதி மிச்சம் இருந்தது, அது யாருடையது என்றும் தெரிந்தது.

மறுநாள் காலை மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மகளோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். குட்டியை அவள் அக்கா கொண்டுவந்து விட்டாள். இருபது வயதுதான் இருக்கும், கடை வேலைக்குப் போகிற சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"மூணு மாசம் பின்னினேன்," என்றாள்.

"தெரியாம செஞ்சுட்டேன்மா. என் தப்பு."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "கம்பளிக்குப் பச்சைத் தண்ணிதான் ஊத்தணும்," என்றாள். தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

நான் அங்கேயே நின்றேன். முணுமுணு என் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சுபோச்சு. நீ கிளம்பு, லேட்டாகுது."

அவள் உள்ளே ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பையன் ஒற்றைச் செருப்போடு, ஒரு காலைத் தூக்கியபடி அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். "என்ன கலர், எந்தக் கால்?" என்று அவள் கேட்டது எனக்கு வாசல்வரை கேட்டது.