வால்வுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று என் வால்வு ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டு வைக்கச் சொன்னது என் மனைவி சத்யப்பிரியா. வைத்தது என் மாமியார் இருசம்மாள். மாட்டிக்கொண்டது நான்.

அத்தை சேத்தியாத்தோப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். மாமனார் இறந்ததிலிருந்து அங்கே பூஜை என்றால் கதவோரம் நிற்க வேண்டியதுதான். குங்குமச் சிமிழைத் தொட விடமாட்டார்கள். 2009-இல் அண்ணாமலை நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தவரிடம், "நீயே வைம்மா" என்று சத்யா கிண்ணத்தை நீட்டிவிட்டாள். அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கிரைண்டர், சைக்கிள், தையல் மெஷின் எல்லாம் முடித்தும் ஆசை அடங்காமல், ஆம்ப்ளிஃபையரின் மேலே பல்பு மாதிரி நிற்கும் வால்வுகளுக்கும் தண்ணியாகக் கரைத்த சந்தனத்தை அப்பிவிட்டார். கண்ணாடிக் குமிழுக்கு எது நெற்றி என்று யார் கண்டது?

நான் பொட்டைப் பார்த்தேன், வழிந்ததைப் பார்க்கவில்லை. பாட்டுப் போடலாமென்று சுவிட்சைத் தட்டினேன். 'பட்'டென்று ஒரு சத்தம். கருகல் நாற்றம்.

"என் கை பட்டதாலதான்" என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். "அவுங்க தொடாத தொடாதன்னு சொல்றது சும்மாவா? நான் காலைலயே ஊருக்குப் போறேன்."

"கெபாசிட்டர் போயிருக்கும் அத்த. எல்லாம் பழசு" என்றேன்.

பெட்டியைக் கவிழ்த்து, கெபாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஒரு கம்பிக் காலைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். நல்லது. அடுத்ததும் நல்லது. ஒன்றாவது கெட்டுத் தொலையக் கூடாதா? நடுவில் கரண்ட் வேறு போய், சால்டரிங் அயர்ன் ஆறிப்போனது. காபி வேண்டுமா என்று கேட்ட சத்யாவிடம் எரிந்து விழுந்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'நல்லது'க்கும் அவர் முகம் சுருங்கியது. பொருள் எதுவும் கெடவில்லை என்றால் கெட்டது தன் கைதானே!

கடைசியில் வால்வைப் பிடுங்கிப் பார்த்தேன். அது உட்காரும் குழிக்குள் சந்தனம் கருகிக் கிடந்தது. துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து, புது ஃபியூஸ் போட்டேன். பாடியது.

"சந்தனத் தண்ணி உள்ள எறங்கிடுச்சி அத்த. ஈரம்தான், வேற ஒண்ணுமில்ல."

"சத்யா வெச்சிருந்தா எறங்கியிருக்குமா?" என்றார் அத்தை.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. விடிந்தால் இந்த அம்மாள் இதே நினைப்போடு போய் மறுபடியும் அந்தக் கதவோரத்தில் நிற்பார். என்னால் தாங்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபையரை நிறுத்தி ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"சத்யா, கிண்ணத்த எடு. அதே வால்வுக்கு நீ வை. இன்னும் ஜாஸ்தியா."

"மாமா, இப்பதான சரி பண்ணீங்க!"

"வைன்னா வை!"

வைத்தாள். சந்தனம் உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன். 'பட்.' இந்தத் தடவை வால்வும் சேர்ந்து போனது.

"பாத்தீங்களா அத்த? உங்க பொண்ணு சுமங்கலி. புருஷன் எதிர்லயே நின்னு கத்திக்கிட்டிருக்கேன். அவ வெச்சாலும் இதே கதிதான்!"

அத்தை புகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பைத்தியமா மாப்ள உங்களுக்கு?" என்றார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குங்குமத்தைத் தொட்டு, சத்யாவின் நெற்றியில் வைத்தார்.