மரத்தில் பதினொன்று

1

இந்தக் கதை என் தங்கையின் கணவர் ஆசையாகச் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைக்க எனக்கு வராது.

தங்கைக்கு, மரங்களில் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிட் பூச்செடிகளை எண்ணும் வேலை. எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அறிக்கை எழுதுவாள். எட்டு வருடமாகத் தேடிய ஓர் இனம் போன வாரம் ஒரே மரத்தில் கிடைத்தது. பதினொரு செடிகள். அவ்வளவுதான் மொத்தமே. 'அழிவின் விளிம்பில்' என்று குறித்தாள். இடத்துக்கான கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டாள். அந்த அறிக்கைகளைச் செடி திருடுகிறவர்களும் படிப்பார்களாம்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "ஆற்றைத் தாண்டி, சரிவில் இடதுபக்கம் மூன்றாவது மர—"

(அடித்துவிட்டேன். நானே காட்டிக்கொடுத்திருப்பேன்.)

இரண்டாவது: "அவள் சிரித்தால் அவருக்கு உலகமே..."

(என் எல்லா நாவல்களிலும் வரும் வரி. ஆனால் நடந்தது அதுதான்.)

3

கல்யாண நாளுக்கு அவர் முகநூலில் ஒரு படம் போட்டார். பூவுக்குப் பக்கத்தில் தங்கை சிரிக்கிறாள்.

"படத்தோட இடமும் சேர்ந்து போகும்னு தெரியாதா உங்களுக்கு? பேரு மட்டும் கணக்கு வாத்தியார்!"

"நீ சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு? அதான் போட்டேன்."

"இப்ப அழுறேன். அதையும் போடுங்க."

"உடனே எடுத்துட்டேனேம்மா."

"உடனேயா? ஆறு மணி நேரம் கழிச்சு!"

அதற்குள் முகம் தெரியாத ஒருவன் கீழே எழுதியிருந்தான்: 'அருமை. இன்னும் எத்தனை செடி இருக்கு?'

(இவ்வளவு வெகுளியான கணவரை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். அவர் போட்ட தேநீரை நான் குடித்திருக்கிறேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. நம்பலாம்.)

4

இன்று விடிந்ததும் இருவரும் மரத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பதினொன்றும் இருக்கின்றன, அவள் அவர் தோளில் சாய்கிறாள்.

அல்லது, பட்டை சுரண்டப்பட்டு, வேர்த்துணுக்குகள் மட்டும்—

(முடியவில்லை.)

மதியம் போன் வந்தது.

"அக்கா, மரத்துல ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு கதையை முடி."

"ஐயோ! நிஜமாவாடி?"

"எழுதுன்னா எழுதுக்கா. எத்தனை செடின்னு கேட்டானே, அவனும் படிப்பான்ல?"

பின்னால் அவர் குரல் கேட்டது. சிரித்தாரா அழுதாரா, காற்றிரைச்சலில் தெரியவில்லை. திரும்ப அழைத்தேன். கிடைக்கவில்லை.

5

மரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள்.