படுக்க வைத்த ஒயின்

என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை எழுப்பி நிறுத்தினால், இரண்டு நாளில் வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். மற்ற நாட்களில் அவையெல்லாம் படுத்தேதான் கிடக்கும். நிற்க வைத்தால் கார்க் காய்ந்துவிடுமாம், காய்ந்தால் காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடுமாம். பெற்ற பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவான் என்று தெரியாத மனுஷன், ஒவ்வொரு பாட்டிலுக்கும் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பார். அதைக் காட்டவே பழைய பாட்டில்களின் மேல் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும்.

அவர் பெயர் குழந்தைசாமி. உல்லாசக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் சாப்பாட்டு ஹாலில் வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் ஊற்றினார். கப்பல் வேலைக்குப் போன மற்ற ஆம்பளைகள் டிவியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் சட்டைக்குள் சுருட்டி இரண்டு பாட்டில் போர்ட் ஒயின் கொண்டுவந்தார். போர்ச்சுகலில் செய்வது. அதிலும் வின்டேஜ் என்றால் திராட்சை நன்றாக விளைந்த வருஷத்தில் மட்டும் செய்வார்களாம். பாட்டிலில் அடைத்த பிறகு இருபது வருஷம், முப்பது வருஷம் சும்மா படுக்கப் போடணுமாம். எனக்குக் கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு, "அதுவரைக்கும் நாம இருப்போமா?" என்று சிரித்தேன். "நாம இல்லன்னா அது இருக்கும்" என்றார்.

உப்புக் காற்றில் இரும்புக் கதவே பொரிந்து உதிர்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் பாட்டிலுக்கென்று வடக்குப் பக்கம் கனத்த சுவர் வைத்து ஒரு அறை கட்டினார். அதற்கு ஏசி. நாங்கள் ஃபேனுக்கு அடியில் வேர்த்துக் கிடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்து மூன்று பாட்டிலும் ஜம்மென்று தூங்கும். சக்களத்திக்குக்கூட எவனும் இப்படிச் செய்ததில்லை என்று நான் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு, ஒன்றைத் திறப்பார். இரண்டு நாள் நிற்க வைத்து, வண்டல் அடியில் இறங்கிய பிறகு, கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி ஜாடியில் மெல்ல மெல்லச் சாய்ப்பார். கறுப்பாக வண்டல் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் பூசை வைக்கிற சாமியார் தோற்றுப்போவார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடிக்கும். நாவற்பழமும் கருப்பட்டியும் சேர்ந்த மாதிரி தொண்டையில் இறங்கி, நெஞ்சில் போய்ச் சூடாக உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஒரே மகன் பிரபாகரனுக்கு மட்டும் அதில் ஒரு சொட்டு கிடையாது. அவன் பிறந்த இரண்டாயிரமாவது வருஷத்துப் பாட்டில் மூன்று தனியாக இருந்தன. அவன் கல்யாணத்தன்று திறப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். அதுவரை பிள்ளை அப்பா எதிரில் குடிப்பதாவது! உப்பளத்தில் மேஸ்திரியாக ஐம்பது பேரை மேய்க்கிறவன், வேலை முடிந்து ஆட்களோடு ஒதுங்கிவிட்டு, பாக்கு மென்றுகொண்டு, அப்பா தூங்கிய பிறகுதான் வீட்டுக்குள் வருவான். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மரியாதை என்று மூவரும் பேசாமல் இருந்தோம்.

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பல் பிடுங்கப் பாண்டிச்சேரி போயிருந்தார். விடிந்தும் விடியாமலும் அடுத்த தெருவில் ஓலம் கேட்டது. உப்பளத்துக் கூலி ஐயப்பன் செத்துவிட்டான். கள்ளச்சாராயம். பத்து மணிக்குள் இன்னும் நாலு பேர். நான் ஓடும்போது பிரபா போர்த்திப் படுத்திருந்தான்.

"வேலைக்குப் போகலியாடா?"

"தல வலிக்குதும்மா. நேத்து வெயில்."

நீயும் குடித்தாயா என்று வாய்வரை வந்தது. "அதெல்லாம் இல்லம்மா, போ" என்று நான் கேட்காததற்கே பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். மே மாத வெயிலில் உப்பளத்தில் நின்றால் யாருக்குத்தான் தலை வலிக்காது? நம்பிவிட்டேன். நம்பத்தான் ஆசையாக இருந்தது.

ஐயப்பனின் பெண்டாட்டி தனக்கோடி பிணத்தின் மேல் விழுந்து கிடந்தாள். பிறகு எழுந்தாள், கொண்டையை முடிந்தாள், பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஈசிஆர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட சாராயப் பாக்கெட், பாட்டில் எல்லாவற்றையும் தாரில் போட்டு உடைத்தோம். சுற்றுவட்டாரத்து மதுக்கடைகளையும் பூட்டிவிட்டார்கள். தனக்கோடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிக்கிறவன் ஊட்டுல ஒரு பாட்டில் இருக்கக் கூடாதுக்கா" என்றாள். என் வீட்டை மனதில் வைத்து அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்தபோது ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து பிணம் விழுந்த ஊரில் சாராயம் மட்டும் குளுகுளுவென்று தூங்குகிறது! மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. பிரபாவுக்கு அது தெரியாது, அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கொல்லைக்குத் தூக்கிப் போய், துவைக்கிற கல்லில் கழுத்தை அடித்து, உப்பளத்துக்குத் தண்ணி போகிற வாய்க்காலில் கவிழ்த்தேன். பாதிக்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தவில்லை. இரண்டாயிரமாவது வருஷத்துப் பாட்டில்களைக் கடைசியில் எடுத்தேன். என் பிள்ளை கல்யாணத்தில் இந்தச் சனியன் வேண்டாம் என்று சொல்லியே உடைத்தேன். வாய்க்கால் தண்ணி சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பழைய நிறத்துக்கு வந்தது.

மூன்று மணிக்கு நர்ஸ் சிவசங்கரி வந்தது. யார் யார் குடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்த பொண்ணு. பிரபாவை எழுப்பி உட்கார வைத்தோம். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான்.

"என்னம்மா, எல்லாம் வெள்ளையா இருக்குது?"

"அண்ணா, உண்மைய சொல்லுங்க. நேத்து குடிச்சீங்களா?"

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "அப்பா இருக்காரா?"

"இல்லடா."

"ரெண்டு பாக்கெட். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

சிவசங்கரி போனில் டாக்டரிடம் பேசியது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் மறியலால் சுற்றிக்கொண்டு வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது: "அந்த விஷத்த முறிக்கிறதுக்கு நல்ல ஆல்கஹால் குடுக்கணும்க்கா. ஆஸ்பத்திரில அதான் குடுப்பாங்க. லேட்டாக லேட்டாக கண்ணு போயிடும். வண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்னு டாக்டரே சொல்றாரு. ஊட்டுல பிராந்தி, ஒயின், கடைல வாங்குன மாதிரி நல்லது எதுனா இருக்குதா?"

பிரபா முகம் மலர்ந்து சொன்னான், "அப்பா ரூம்ல நெறைய இருக்கு."

நான் எழுந்து கொல்லைக்கு ஓடினேன். உடைந்த அடிப்பாகங்களைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிரண்டில் கறுப்பு வண்டல் மட்டும் ஒட்டியிருந்தது, கண்ணாடித் தூளோடு. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். வாயில் பஞ்சோடு பேசினார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கத்தினார்.

"சாவி இருக்குல்ல? போ மேரி! நிக்க வெக்காத, மெழுகுவத்தி தேடாத, கழுத்த ஒடச்சி துணில வடிச்சி வாயில ஊத்து! அந்த ரெண்டாயிரத்த எடு, அவனோடதுதான் அது. எல்லாத்தையும் வேணா ஒட. புள்ளைய விட எனக்கு இதா பெருசு?"

முப்பது வருஷமாக இந்த மனுஷனுக்குப் பிள்ளையைவிடப் பாட்டில்தான் உசத்தி என்று நினைத்திருந்தேன்.

"மேரி? கேக்குதா?"

"காத்தாலயே ஒடச்சிட்டேங்க. எல்லாத்தையும்."

பஸ்களின் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி. அவன் பக்கத்துல போய் இரு. நான் வர்றேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் ஐந்து மணிக்கு வந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் பிரபா கேட்டான். "அவ்ளோ ஒயின் இருந்துச்சேப்பா. ஏன் எனக்கு ஊத்தல?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "சாவி என்கூட வந்துடுச்சுடா."

"பூட்ட ஒடச்சிருக்கலாமே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒடைக்க வேணாம்னு நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். இவ்ளோ சீரியஸ்னு தெரியல."

அன்றிலிருந்து பிரபா அவரிடம் பேசுவதில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். கொல்லையில் கிடந்த கண்ணாடியை எல்லாம் அவரே பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தார். காலி அறையில் இன்னமும் ஏசியைப் போட்டு வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் நின்றால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

ஒரு நாள் தாங்க முடியாமல் அவனிடம் சொல்லிவிடப் போனேன். அவர் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்ன வெறுத்துட்டு போறான், போகட்டும். உன்னையும் வெறுத்தான்னா யார் கையப் புடிச்சி நடப்பான்?" என்றார். நானும் அடங்கிவிட்டேன். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். நிஜத்தில் பயம்.

நேற்று மத்தியானம் மீன் குழம்பில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். முள் எடுத்து ஊட்டினால்தான் சாப்பிடுகிறான். திடீரென்று என் மணிக்கட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா அந்தாளு என்னை சாகவே விட்டுருப்பான்ம்மா" என்றான்.

அவர் அறைவாசலில் தண்ணிச் சொம்போடு நின்றிருந்தார். பேசாதே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் அடுத்த வாய் ஊட்டினேன்.