உள்ளே ஒரு வெயில்

“இன்னாப்பா இது, கல்யாணத்துல பேண்டு வாசிக்க வந்தவன் மாதிரி கிளவுஸ் போட்டுக்கினு நிக்கிற? கழட்டு மொதல்ல.”

“புதுசுதான் சிஸ்டர். காலைலதான் பாக்கெட்டப் பிரிச்சேன்.”

“எதுக்குன்னு கேக்குறேன்.”

“வெறுங்கை பட்டா துருப்பிடிச்சிரும்லா.”

வாயை விட்டு வந்த பிறகுதான் தான் சொன்னது சக்திகுமாரின் காதிலேயே விழுந்தது. நர்ஸ் ரத்னா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த அவன் மனைவி சுகப்பிரியாவும் காய்ச்சலோடு காய்ச்சலாகச் சிரித்தாள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரகடத்தில் பேரிங் செய்யும் கம்பெனியில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம் அது. மினுமினுக்கும் இரும்பு வளையத்தை வெறும் விரலால் தொட்டால் போச்சு, அந்த வேர்வையே போதும், மறுநாள் அங்கே துரு பூத்திருக்கும். அருமையான பொருள் என்றால் கையுறை. மாதம் நிறையுமுன் நேற்றுப் பிறந்துவிட்ட மகளைவிட அருமையான பொருளை அவன் பார்த்ததில்லை. அதனால் காலையிலிருந்து உறை போட்ட கையோடுதான் அவளைத் தூக்கினான். அதுவும் யூனிஃபார்ம் சட்டைக்கு மேலே, துண்டில் சுற்றி. குழந்தை சில்லிட்டுக்கொண்டே போனாள்.

“உம் பொண்ணு துரு புடிக்கமாட்டா. சட்டையும் கழட்டு,” என்றார் ரத்னா. “தோலோட தோல் ஒட்டிக்கினு இருக்கணும். அம்மாக்காரி நடுங்கிக்கினு கெடக்குது, அதால முடியாது. சாயந்தரம் டாக்டர் வர்றதுக்குள்ள கொழந்த உடம்புல சூடு நின்னுச்சுன்னா இங்கயே இருக்கலாம். இல்லாங்காட்டி கொழந்தைய மட்டும் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

சுகப்பிரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

சக்திகுமார் கூச்சத்தோடு சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்தான். குல்லாவும் டயப்பரும் மட்டும் போட்ட அந்தச் சின்ன உடம்பை ரத்னா அவன் நெஞ்சில் கவிழ்த்து, சுகப்பிரியாவின் நீலத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினார். பிழிந்து போட்ட ஈரத்துணி போல ஜில்லென்றிருந்தது. அவனுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

“பிரியா, இவளுக்குச் சொந்தமாச் சூடு வராதா?”

செல்போன் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தாலும் சுகப்பிரியா திருநெல்வேலியில் விலங்கியல் படித்தவள். யாராவது கேட்டுவிட்டால் காய்ச்சலிலும் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

“வரும். அடுப்பு இன்னும் சரியாப் பத்தல. குளிர்னா நடுங்கக்கூடத் தெரியாது அவளுக்கு. நாள் நெறஞ்ச பிள்ளைக்கு முதுகுல, சூடு குடுக்கதுக்குன்னே ஒரு கொழுப்பு சேந்திருக்கும். இவ அதுக்குள்ள வந்துட்டா.”

“அவசரக்காரி. உன்னைய மாதிரி.”

“அந்தா பாருங்க.” ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓணான் வெயிலில் அப்பிக் கிடந்தது. “அது வெயில் காஞ்சாத்தான் ஓடும். ஒரு காலத்துல தரையில நடந்த எல்லாமே அப்படித்தான். அப்புறம் நம்ம வம்சம் கொஞ்சங் கொஞ்சமா வெயில உடம்புக்குள்ளயே வச்சுக்கப் பழகிச்சு. பறவைங்க வம்சம் தனியாப் பழகிச்சு.”

“எதுக்காம்?”

“அதுலதான் சண்டையே. ரொம்ப நேரம் ஓடுறதுக்குங்காங்க சில பேரு. ராத்திரிக் குளிர்ல எரை தேடுறதுக்குங்காங்க சில பேரு. லேசுப்பட்ட காரியமில்ல பாத்துக்கிடுங்க. ஓணான் பூச்சியத் தின்னுட்டு நாள்கணக்கா கெடக்கும். நமக்கு மூணு வேளையும் வெறகு போடணும்.”

“அதான் எவ்வளவு ஓ.டி. பாத்தாலும் பத்த மாட்டேங்கு.”

“இன்னொரு கூட்டம் வேற மாதிரி சொல்லுது.” அவள் குரல் தாழ்ந்தது. “முட்டையையும் குஞ்சையும் கதகதப்பா வச்சு வளக்கத்தான் பெத்ததுக உடம்புல சூடு வந்துச்சாம். இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா எனக்கு அதான் பிடிச்சிருக்கு.”

சக்திகுமார் குழந்தையின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டான். வல்லம் வடகாலில் தகரக் கூரை போட்ட வாடகை அறையில் ஒவ்வொரு கோடையிலும் தன் உடம்புச் சூட்டையே திட்டிக்கொண்டு புரண்டவன் அவன். இத்தனை காலமும் அது வேறொருத்திக்காக எரிந்துகொண்டிருந்தது போல இப்போது பட்டது. துப்பட்டாவுக்குள் ஒரு சின்ன விரல் அவன் மார்பைப் பிறாண்டியது.

ரத்னா குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார். “ஏறுது. ஆனா நிக்கணும், தெர்தா? சாயந்தரம் வரைக்கும் எறக்காத. இப்டியே குந்திக்கினு இரு.”

அப்போதுதான் அவனுக்கு செகண்ட் ஷிப்ட் நினைவுக்கு வந்தது. இன்னும் சற்று நேரத்தில் கம்பெனி பஸ் வந்துவிடும். அவன் போய் நின்றால்தான் காலையிலிருந்து அவனுடைய மெஷினில் நிற்கும் நண்பன் மகாராஜா வீட்டுக்குப் போக முடியும். ரிலீவர் வராமல் யாரும் மெஷினை விட்டு நகரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

கைகள் இரண்டும் மகளின் முதுகில் இருந்தன. சுகப்பிரியா மெல்ல எழுந்து, நம்பரைப் போட்டு, போனை அவன் காதில் பிடித்தாள். அவள் விரல்கள் கன்னத்தில் சுட்டன. அந்தப் பக்கம் கேன்டீனில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

“ஏல மகாராஜா, சாப்ட்டியா? பிள்ளை நெஞ்சு மேல கெடக்கு, அதான் மெதுவாப் பேசுதேன். காலைலேருந்து நின்னு ஒனக்குக் காலு கடுக்கும், தெரியும். ஆனா இங்க எனக்கு ரிலீவர் இல்லல. செகண்ட் ஷிப்டும் நீயே நிக்கியா?”