ஈரலில் வளர்ந்தது

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் வாய் திறப்பதற்குள்ளேயே கறிக்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக ஆட்டைக் கிழித்துப் பார்த்த கண். மனைவியின் ஈரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி, அதற்குள் குட்டிக் குட்டியாய்க் குமிழ்கள்.

"நாய் வளர்க்கிறீங்களா?"

"ஒண்ணு இருக்கு."

"கட்டி இருக்கிற ஆட்டு ஈரலை நாய் தின்னா அதோட குடல்ல புழு வளரும். முட்டை வெளிய வந்து அதோட முடியில ஒட்டிக்கும். தடவின கையோட சாப்பிட்டா நம்ம உள்ள போயிடும். தெரியவர வருஷக்கணக்கா ஆகும்."

கட்டி விழுந்த ஈரலை யாரும் வாங்க மாட்டார்கள். அதைத் தனிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். வீணாகாமல் நாய்க்காவது ஆகிறதே என்று ஒரு திருப்தி. நாயைக் குளிப்பாட்டி, மடியில் போட்டு உண்ணி எடுப்பது மனைவி.

ஒரு மாதம் மாத்திரை கொடுத்த பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "தெரிஞ்சா போட்டீங்க?"

"சத்தியமா தெரியாதும்மா."

"அப்ப விடுங்க. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் பத்து நிமிஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா முடிஞ்சுது. அவ அப்படி இல்ல."

மறுநாள் ஆபரேஷன் மேசையிலேயே கட்டி உடைந்தது. உள்ளிருந்த நீர் கசிந்ததும் உடம்பு அதைத் தாங்கவில்லை. ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. மதியம் டாக்டர் வெளியே வந்து, எதிரே உட்காராமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, வீட்டில் மிச்சமிருந்த இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். தையல் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, அவர்கள் பாப்பா என்று கூப்பிடும் மகள் வந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு ஈரலின் ஓரத்தில் சின்னதாய் ஒரு கட்டி. மாத்திரையிலேயே அடங்கிவிடும் என்றார்கள். அதைக் கேட்டு அவருக்குப் பயம் வரவில்லை. நெஞ்சில் ஏறியிருந்த பாரம் ஒரு பிடி குறைந்தது போலிருந்தது. அப்படித் தோன்றியதே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

வராந்தா பெஞ்சில் மகள் கேட்டாள்: "இது எப்படிப்பா நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"நான்தான்மா கொண்டுவந்தேன்" என்றார். பிறகு நாயையும் பையையும் பற்றிச் சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை. அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே போய் மருந்து கொடுக்கும் ஜன்னல் வரிசையில் நின்றாள்.