எந்தப் பள்ளி?

அந்தச் செய்தித்தாளைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்களை ஒரு சினிமா தியேட்டரில் உட்கார வைத்துவிடலாம். பால்கனி காலியாகவே கிடக்கும். போனில் பார்ப்பவர்கள் மட்டும் ஊர் முழுக்க இருந்தார்கள். அவர்களைப் பிடித்து இழுத்து வருவதுதான் அவள் வேலை. ‘சமூக வலைத்தளப் பிரிவு’ என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். பிரிவு என்றால் வேறு யாருமில்லை. அவளும் ஒரு கணினியும், சத்தம் மட்டும் போட்டுக் காற்றுத் தராத ஒரு மின்விசிறியும்தான்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு காலத்தில் சமூக வலைத்தளம் என்றாலே ஆகாது. “நாம வேர்வை சிந்திச் சமைக்கிறோம், அவன் பரிமாறிப் பேர் வாங்கிக்கிறான்” என்று கத்துவார். விளம்பரங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்ட பிறகு அவரும் போனார். போன இடத்தில் மரியாதை கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. முதலில் வலைத்தளக்காரர்கள் படம் போடு என்றார்கள், இவர்கள் போட்டார்கள். அப்புறம் படம் வேண்டாம், வீடியோ என்றார்கள். இப்போது, பதிவோடு செய்தியின் லிங்க்கைச் சேர்த்துப் போட்டால் ஒருவர் கண்ணிலும் காட்டாமல் அமுக்கிவிடுகிறார்கள். அதனால் பதிவில் ஒரு வரி, லிங்க் மட்டும் கீழே முதல் கமெண்டில் என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

“மாமியார் வீடு மாதிரி ஆயிடுச்சும்மா” என்பார் ஆசிரியர். “உப்பு போட்டாலும் திட்டு, போடலன்னாலும் திட்டு. தனிக்குடித்தனம் போகலாம்னா கையில வக்கில்லை.”

அந்த ஒரு வரியை எழுதுவதில் அவள் கெட்டிக்காரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் மற்றவர்கள் அதைப் பொய் என்பார்கள். அவள் தொழிலில் அதற்கு ‘ஆர்வத்தைத் தூண்டுவது’ என்று பெயர். ‘இந்தப் பழத்தைத் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா?’ என்று எழுதுவாள். ஒன்றும் ஆகாது. ‘நாளை எந்தத் தெருவில் தண்ணீர் வராது?’ என்று எழுதுவாள். ஊரே உள்ளே வந்து பார்த்துவிட்டு, நம் தெரு இல்லை என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும்.

அவளுக்கு ஒரே ஒரு பரம ரசிகன் இருந்தான். அவனையேதான் அவள் கல்யாணமும் செய்துகொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளிச் சலூன் வைத்திருந்தான். அவள் எது எழுதினாலும் அவன் போன் மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக இதயம் போடுவான். ஒரு முறை இரங்கல் செய்திக்குக்கூடச் சிவப்பு இதயம் போட்டுத் தொலைத்து, அன்று முழுக்க வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டான். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அவள் வரிகளை வாசித்துக் காட்டுவான். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பதால் அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

“ஏன் பத்திரிகை, எந்தத் தெருன்னு சொல்லிட்டா நீ கொறஞ்சா போயிடுவ?” என்று தண்ணீர்ப் பதிவுக்குக் கேட்டான். வீட்டில் அவளுக்குப் ‘பத்திரிகை’ என்றுதான் பெயர்.

“சொல்லிட்டா அப்புறம் யாருங்க உள்ள வருவாங்க?”

“கடைக் கண்ணாடியை மூடி வச்சுட்டா நான் முடி வெட்டுறேன்?”

“உங்க கடையில கண்ணாடியை மூடினாத்தான் ரெண்டு பேர் பயப்படாம வருவாங்க” என்றாள் அவள். அவர்கள் மகள் வாலு, ஒன்றாம் வகுப்பு, அம்மா கட்சியில் சேர்ந்து கைதட்டியது.

அப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தக் காலை வந்தது.

இரவெல்லாம் மழை. நகராட்சிச் செய்திகளைக் கவனிக்கும் நிருபர் ஒரு படமும் நாலு வரியும் அனுப்பியிருந்தார். ஆற்றங்கரையில் இருந்த பழைய பள்ளிக்கட்டடத்தின் கூரை இடிந்து விழுந்துவிட்டது. பிள்ளைகள் புதுக் கட்டடத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. பூட்டிக் கிடந்த இடம். ஒரு பூனைக்குக்கூடக் காயமில்லை. படம் மட்டும் பயங்கரமாக இருந்தது. உடைந்த ஓடுகள், அவற்றுக்கு அடியில் நசுங்கிய பெஞ்சு, சுவரில் பாதி அழிந்த கரும்பலகை.

அவள் யோசிக்கவே இல்லை. பழகிய கை. ‘பள்ளிக்கூடக் கூரை இடிந்து விழுந்தது! எந்தப் பள்ளி? முதல் கமெண்டில் பார்க்கவும்’ என்று எழுதி, படத்தைச் சேர்த்து, பதிவைப் போட்டுவிட்டுத் தேநீர் எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்தபோது எண்ணிக்கை பாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்ததில்லை. ஆசிரியர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பக்க வடிவமைப்பாளர் வந்தார். விளம்பரப் பிரிவுக்காரர் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார்.

“ஏறுது பாரு, ஏறுது பாரு” என்று ஆசிரியர் குழந்தை மாதிரி குதித்தார். “கூரை எறங்குச்சு, நாம ஏறிட்டோம்!”

அவளுக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். அவள் போன் மேஜைமேல் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. பதிவுக்கு வரும் கமெண்டுகள் என்று நினைத்து அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போது மூலையில் இருந்த தொலைபேசி அடித்தது. பல வருஷமாக அதில் பேசுவது தவறான எண்ணைச் சுழற்றியவர்கள் மட்டும்தான். விளம்பரப் பிரிவுக்காரர் எடுத்தார்.

“எந்தப் பள்ளியா? அதான் கமெண்டுல லிங்க் இருக்கேம்மா... திறக்கலையா?”

அவள் தன் கணினியில் அந்த லிங்க்கை அழுத்திப் பார்த்தாள். வெள்ளைத் திரை. ஊரே ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்ததில் அவர்கள் இணையதளம் திணறிப் படுத்துவிட்டிருந்தது. பெயர் உள்ளே இருந்தது. கதவோ அடைத்துக் கிடந்தது. லிங்க் இருந்த முதல் கமெண்டும் நூற்றுக்கணக்கான கமெண்டுகளுக்கு அடியில் எங்கோ புதைந்து போயிருந்தது. அவள் அவற்றை அப்போதுதான் படித்தாள். ‘எந்தப் பள்ளி?’ ‘தயவுசெய்து யாராவது பெயரைச் சொல்லுங்கள்.’ ‘என் பையன் மூன்றாம் வகுப்பு.’ ‘எந்தப் பள்ளி?’ ‘எந்தப் பள்ளி?’



தொலைபேசி மறுபடி அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. அவள் பதிவைத் திறந்து திருத்தப் போனாள்.

“என்னம்மா பண்ற?” என்றார் ஆசிரியர். “ஒரு அரை மணி பொறு. இந்த மாதிரி நாள் நமக்கு எப்ப வரும்?”

அவள் எழுந்து போய், அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்து அவர் காதில் வைத்தாள். “நீங்களே சொல்லுங்க சார்.”

எதிர்முனையில் யார் என்று தெரியவில்லை. பெண் குரல் என்பது மட்டும் புரிந்தது. ஆசிரியர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “இல்லம்மா... அழாதம்மா. அது பூட்டிக் கிடந்த கட்டடம்மா. ஆமா, ஆத்தங்கரை. உள்ள யாருமே இல்லம்மா. சத்தியமா இல்லம்மா.” தொலைபேசியை வைத்தார். அதையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “மாத்து” என்றார்.

‘ஆற்றங்கரைப் பழைய பள்ளிக் கட்டடத்தின் கூரை விழுந்தது. பூட்டிக் கிடந்த கட்டடம். யாருக்கும் காயமில்லை. எல்லாப் பிள்ளைகளும் நலம்’ என்று அவள் எழுதினாள். எழுதி முடித்ததும்தான் கவிழ்த்து வைத்திருந்த தன் போனை நிமிர்த்தினாள். அதில் துடித்தது முழுக்கக் கமெண்டுகள் இல்லை. அவள் கணவன் அழைத்திருந்தான். மறுபடி மறுபடி அழைத்திருந்தான்.

அவள் அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வாலுவின் பள்ளிக்கு அழைத்தாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகவே வந்தது. வாலு பத்திரமாக இருக்கிறாள் என்று ஊரிலேயே மற்ற யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவனுக்கு? மழை பெய்து சொதசொதவென்று கிடக்கும் தெரு, லாரி போகும் பெரிய சாலை, அதைக் கண்மண் தெரியாமல் கடக்கிற அவன். கைப்பையைக்கூட எடுக்காமல் அவள் படியிறங்கி ஓடினாள்.

சலூன் திறந்தபடி கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, சவர நுரைக் கிண்ணம் தரையில் கவிழ்ந்திருந்தது. அவன் போன் கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. அவள் அழைப்புகளை அது மட்டும்தான் வாங்கிக்கொண்டிருந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் பள்ளியை நோக்கி ஓடினாள்.

பள்ளி வாசலில் ஒரே கூட்டம். மாவு ஒட்டிய கையோடு ஒருத்தி, வீட்டு உடுப்போடு ஒருத்தர், ஒற்றைச் செருப்போடு ஒருத்தர். தலைமையாசிரியை பெஞ்சின்மேல் ஏறி நின்று, “எங்க கூரைக்கு ஒண்ணும் ஆகலைங்க, மேலே பாருங்க, கல்லு மாதிரி நிக்குது” என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். சிலர் மேலே பார்த்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றுச்சுவர் ஓரமாக அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். வெறுங்கால், முழங்காலில் சிராய்ப்பு. மடியில் வாலு. பக்கத்தில் ஒரு தபால்காரர், கழுத்தில் வெள்ளைத்துணி, ஒரு கன்னம் மழுமழுவென்று, மறு கன்னத்தில் காய்ந்த நுரை. அவர் பேத்தியும் இதே பள்ளிதான்.

“வாம்மா” என்றார் தபால்காரர். “இப்படி ஒரு பக்கத்தோட நான் எப்படித் தெருவுல நடப்பேன்? இவரு கத்தியைக் கடையிலேயே போட்டுட்டு வந்துட்டாரு.”

“அம்மா, அப்பா எல்லார் முன்னாடியும் அழுதாரு” என்று வாலு கோள் சொன்னது. “எங்க மிஸ் தண்ணி குடுத்தாங்க.”

“சும்மா இரு வாலு” என்றான் அவன். சிரிக்கப் பார்த்தான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

தபால்காரர் விவரம் தெரிந்தவர். பேத்திக்கு மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு, அந்த முகத்தோடேயே எழுந்து போய்விட்டார். அவள் அவன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் தப்பிக்க வழி இருந்தது. ஆசிரியர் எழுதச் சொன்னார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்.

“நான்தாங்க எழுதினேன்” என்றாள்.

“தெரியும். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா இப்படி ஓடி வந்தீங்க? எப்பவும் நான் அப்படித்தானே ஒளிச்சு எழுதுவேன்? தண்ணி வராத தெருவைக்கூட...”

“தண்ணி வேற. பழம் வேற” என்றான். மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். “பிள்ளைங்க விஷயத்துல நீ விளையாட மாட்டே. அது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் பேரை விட்டிருக்கியேன்னு பார்த்தேன். போன் பண்ணேன், நீ எடுக்கல.” முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். “நம்ம பள்ளிதான் போல, அதான் பேரை எழுத உனக்குக் கை வரலன்னு நெனச்சுட்டேன்.”

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நினைத்துக்கொண்டு, அந்த நினைப்போடு தெரு முழுக்க வெறுங்காலில் ஓடி வந்திருக்கிறானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பள்ளி வாசல் என்றும் பாராமல் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட வாலு, “நசுக்காதீங்க” என்று கத்தியது.