ஏழரை நம்பர்

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை கம்பெனி வேன் மலைக்கு வரவில்லை. புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் அந்த வேனில்தான் தினமும் அடிவாரத்துக்கு இறங்கி, ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். ஏழு மணிவரை ரோட்டில் நின்று பார்த்துவிட்டு ரேணுகாதேவி டிரைவர் கோபாலுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. கம்பெனியில் ஆட்கள் விவகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் மோகனுக்குப் போட்டாள். எடுத்தான். குரலில் எழவு வீட்டுக் குழைவு.

"அமெரிக்காகாரன் அம்பது பர்சன்ட் வரி போட்டுட்டாம்மா. ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு. மொதலாளி ரெண்டு நாளா சாப்பிடக்கூட இல்ல. நெலம சரியானதும் நாங்களே கூப்பிடறோம்."

"எப்ப சரியாவும் சார்?"

"அதை அமெரிக்காவைத்தான் கேக்கணும்."

ரேணுகாதேவிக்கு முப்பத்து மூன்று வயது. ஆறு வருஷமாக அங்கே பேக்கிங் டேபிளில் நின்றவள். யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். ஆனால் இதை நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய நாத்தனார் காந்தா அடிவாரத்தில் வேறொரு கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். அந்தக் கம்பெனிச் சரக்கு முழுக்க அமெரிக்காவுக்குத்தான் போகும். அது நிஜமாகவே கதவை இழுத்து மூடிவிட்டது. எங்கேயோ ஒருத்தன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதற்கு ஜவ்வாது மலையில் ஒருத்தி வேலையில்லாமல் உட்கார வேண்டியிருக்கிறதே என்று ரேணுகாதேவிக்கு அருவருப்பாக இருந்தது.

"சந்தையில சுங்கம் வாங்கறவன்கூட மூஞ்சியப் பாத்து ஞாயம் பேசுவான். இவன் இன்னா பெரிய மனுசன்?" என்று காந்தாவிடம் சொன்னாள்.

கணவன் அர்ச்சுனன் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு அமெரிக்கா மேல் கோபம் போன் வழியாக வந்தது. சவாரி இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்த்தான். கனடாவில் அமெரிக்கச் சாராயத்தைக் கடையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்களாம். டென்மார்க்கில் சனங்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, அமெரிக்கச் சரக்கென்றால் வைத்துவிட்டுப் போகிறார்களாம். "உலகமே காறித் துப்புது" என்று சாயங்காலம் வந்து திருப்தியாகச் சொன்னான். நம் நாட்டுப் பிள்ளைகளை அமெரிக்கா கையில் விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிய காட்சியைப் பத்துத் தடவை காட்டினான். அதைப் பார்த்து அவளுக்கும் வயிறு எரிந்தது. ஆனால் மறுநாள் அவன், "இனிமே நம்ம வூட்டுல அமெரிக்கா சாமானே கூடாது" என்றபோது சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம வூட்டுல இன்னா கீது அமெரிக்கா சாமான்? சாமையா, புளியா?"

"பொதுவா சொல்றேன்."

"நாள் பூரா வீடியோ பாக்கறியே, அத்த காட்டறவன் எந்த ஊர்க்காரன்?"

அர்ச்சுனன் போனைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் பாண்டுரங்கன் வந்தான். அடிவாரத்துக்காரன். தோழர், அண்ணன், தலைவர் என்று பெயருக்கு முன்னால் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றை மாட்டிப் பார்த்தவன். இப்போது மலைவாழ் மக்கள் எழுச்சிப் பேரவை என்ற ஒன்றுக்குத் தலைவன். மலையில் வாழ்கிற ஒருத்தர்கூட அந்தப் பேரவையில் இல்லை. வேன் நின்றுபோன பெண்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கூட்டி உட்கார வைத்தான்.

"வியாழக்கெழம புதூர்நாட்டுல ஆர்ப்பாட்டம். அமெரிக்காவைக் கண்டிச்சு. மலை சனம் கொதிச்சுப் போயிருக்குதுன்னு உலகம் பாக்கணும். சேனல்காரங்க வர்றாங்கோ. நீங்க எல்லாம் பழைய மொறையில சேலை கட்டிக்கினு, தலையில சுள்ளிக்கட்டோட வாங்கோ."

"சுள்ளி எதுக்குங்க? நாங்க கியாஸ்ல சமைக்கறோம்" என்றாள் ரேணுகாதேவி.

"ஒரு பார்வைக்கும்மா."

"நாங்க ஷூ பேக் பண்றவங்க."

"அது வீடியோவுல தெரியாதில்ல. சுள்ளின்னா பளிச்சுனு தெரியும்."

பெண்களில் மூத்தவளான கெங்கம்மாள், "வண்டி வருமா?" என்று கேட்டாள்.

"வண்டி, சாப்பாடு, பேனர் எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. வாயை மட்டும் எடுத்துக்கினு வாங்கோ போதும்."

வியாழக்கிழமை காலையில் வண்டி வந்தது. பார்த்தால் அது கம்பெனி வேன். பக்கவாட்டில் இருந்த கம்பெனிப் பெயர் தெரியாதபடி, 'அமெரிக்காவே வெளியேறு' என்று எழுதிய துணியைக் கட்டியிருந்தார்கள். எங்கிருந்து வெளியேற வேண்டும் என்று எழுதவில்லை. வழக்கமாக வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டைச் சேலை மேல் மாட்டிக்கொண்டு வந்த ரேணுகாதேவியைக் கண்டதும், கோபால் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இன்னா கோபாலு, வேலைக்கு இட்டுனு போவ டீசல் இல்ல. கூச்சல் போட இட்டுனு போவ டீசல் கீதா?"

"என்னைக் கேக்காதக்கா. மோகன் சார் அனுப்பினாரு. மொதலாளிக்கு இந்த மாதிரி போட்டோ வேணுமாம். அமெரிக்காவால நஷ்டம், உதவி பண்ணுங்கன்னு கவர்மென்ட்ல மனு குடுத்துக்கிறாரு."

அவள் அவனுக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி கிளம்பியதும் கேட்டாள்: "கம்பெனி நெசமாவே மூடிக்கீதா?"

கோபால் மூன்றாவது வளைவில் கியரை மாற்றியபடியே சொன்னான். "பின்னால ஹாஸ்டல் கட்டினாங்க இல்ல. ஒடிசாவுல இருந்து எம்பது பொண்ணுங்க வந்துக்கிறாங்கோ. ரெண்டு ஷிப்ட் ஓடுது. உங்களுக்கு வண்டி வராத அன்னிக்கி நான் ஸ்டேஷன்ல இருந்து அவங்களைத்தான் ஏத்திக்கினு போனேன்."

ரேணுகாதேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோகன் மேலும் முதலாளி மேலும் வந்ததைவிட அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷம் கையாலேயே ஒட்டிய லேபிள். கையாலேயே அடித்த முத்திரை. எந்தப் பெட்டி எந்தத் தேசத்துக்குப் போகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அமெரிக்கா என்று ஒருத்தன் அழுத குரலில் சொன்னதும் அத்தனையும் மறந்து, மூன்று வாரம் முட்டாள்போல வானத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

புதூர்நாட்டு பஸ் நிறுத்தத்தில் வைக்கோல் பொம்மை ஒன்று தயாராக நின்றது. தலையில் கோடு போட்ட தொப்பி. பாண்டுரங்கனின் ஆட்கள் முதலில் கோலா பாட்டில்களை உடைத்து ஊற்றும் போராட்டம் நடத்தினார்கள். பாட்டில்கள் எதிரே வடிவேலு கடையில் வாங்கியவை. ஒரு வருஷத்தில் விற்காத கோலா அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. வடிவேலுக்கு அமெரிக்கா மேல் எந்த வருத்தமும் இல்லை. பாதியைப் பொம்மை மேல் ஊற்றினார்கள். வெயில் ஏறியிருந்ததால் மீதியைக் குடித்தார்கள்.

பிறகு பாண்டுரங்கன் பேசினான். வியட்நாமில் தொடங்கி, ஈராக் வழியாக வரிக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. அவன் சொன்னதில் பெரும்பாலும் உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உண்மையைக்கூட இப்படி வாடகைக்கு எடுத்து ஊர்வலம் விட முடிகிறதே.

சேனலிலிருந்து வந்திருந்த சுவேதா என்ற பெண், "பாதிக்கப்பட்டவங்க யாராவது பேசுங்க" என்று மைக்கை நீட்டினாள். பாண்டுரங்கன் ஒரு சீட்டை ரேணுகாதேவி கையில் திணித்தான். 'எங்கள் வயிற்றில் அடித்த அமெரிக்காவே' என்று தொடங்கியது அது. அவள் அதை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

"என் பேரு ரேணுகாதேவி. ஆறு வருசமா ஷூ பேக் பண்றேன். எங்க டப்பாவுல முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பதுன்னு நம்பர் இருக்கும். அதெல்லாம் ஜெர்மனிக்குப் போவுது. பெட்டி மேல ஹாம்பர்க்னு முத்திரை அடிக்கறதே நான்தான். அமெரிக்கா நம்பர் வேற. ஆறு, ஆறரை, ஏழு, ஏழரைன்னு வரும். மூணு வருசத்துக்கு முன்னால ஒரே ஒரு தபா வந்துச்சு. ஏழரை நம்பர் டப்பாவைத் தொட மாட்டேன்னு கெங்கம்மாக்கா அன்னிக்கெல்லாம் சண்டை."

பெண்கள் சிரித்தார்கள். கெங்கம்மாள் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

"அப்புறம் இன்னிக்கி வரைக்கும் ஏழரை வரல. எங்க டப்பா அமெரிக்காவுக்கே போவாதப்ப அவன் போட்ட வரி எப்படிங்க எங்க வேலைய எடுக்கும்? அவன் நல்லவன்னு நான் சொல்லல. எங்க நாத்தனார் வேலையப் புடுங்கினவன் அவன்தான். அதுக்கு அவனைத் திட்டுங்க, நானும் கூட வந்து திட்டறேன். எங்களைப் புடிச்ச ஏழரை கீழ ஹாஸ்டல் கட்டிக்கினு உக்காந்துக்கிது. அதுக்குப் பொம்மை செஞ்சு இட்டுனு வாங்க."

பாண்டுரங்கன் மைக்கைப் பிடுங்கினான். "சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று கூட்டத்துக்கு விளக்கிவிட்டு, பொம்மையைக் கொளுத்தச் சொன்னான். கோலாவில் ஊறிய வைக்கோல் பற்றவில்லை. நாலைந்து தீப்பெட்டி காலியான பிறகு ஒருத்தன் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்தான்.

அது எரிந்து முடிவதற்குள் பெண்கள் வேனில் ஏறிவிட்டார்கள். பிரியாணிப் பொட்டலத்தை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு யாருக்கும் கோபம் முற்றவில்லை, வாங்கிக்கொண்டுதான் ஏறினார்கள்.

"கீழ கம்பெனிக்குப் போ" என்றாள் ரேணுகாதேவி.

"வேலை போய்டும்க்கா."

"எங்களுக்குப் போனப்ப நீ இன்னா அழுதியா? எடு வண்டிய."

கோபால் எடுத்தான்.

கேட்டுக்கு உள்ளே கன்டெய்னர் லாரி நின்றது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. துணி கட்டிய வேனைப் பார்த்துவிட்டு மோகன் ஓடி வந்தான்.

"ஆர்ப்பாட்டம் அங்கதானேம்மா? இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஆர்டர் நின்னு போச்சுன்னீங்க. லாரியில இன்னா ஏறுது?"

"பழைய சரக்கு."

"முத்திரை ஈரம் காயல சார், கைப்பட்டு இழுவிக்கீது பாருங்க. நான் அடிச்சா இழுவாது."

மோகன் திரும்பிப் பார்த்தான். இனிமேல் அமெரிக்கா உதவாது என்று தெரிந்ததும் குரலில் இருந்த குழைவு போய்விட்டது. "இதப் பாரும்மா. மலை ஆளுங்கன்னா சாமை அறுப்புக்கு லீவு, திருவிழாவுக்கு லீவு, மழை பெஞ்சா வண்டி ஏறாது. ஹாஸ்டல்ல இருக்கறவங்க எங்கயும் போவ மாட்டாங்க. அவ்ளோதான்."

"இத்த மொதல் நாளே சொல்லிருக்கலாம். எங்களுக்குப் புரியற பாஷைதான்."

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"மாட்டோம். அதுக்குத்தான் அவ்ளோ தூரத்துல இருந்து அமெரிக்காவைக் கூப்பிட்டியா?"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினான்.

அன்றைக்கு மத்தியானமே தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வேலை கொடு, சம்பளம் கொடு என்று ரேணுகாதேவி அதில் எழுதவில்லை. போன இரண்டு மாதத்தில் எத்தனை பெட்டி எந்தத் தேசத்துக்குப் போனது என்று கம்பெனி காட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தாள். அமெரிக்காவால் அழிந்தேன் என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுத்து வைத்திருக்கிற முதலாளிக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை.

சேனல் வீடியோ மூன்றாம் நாள் வந்தது. அர்ச்சுனன் ஓடி வந்து காட்டினான். ரேணுகாதேவி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆவேசமாகக் கையை ஆட்டுகிறாள். அப்புறம் எரிந்த பொம்மையை அவளுக்குப் பின்னால் வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'அமெரிக்காவை அலறவிட்ட மலைமகள்' என்று தலைப்பு.

"ரெண்டு லட்சம் பேர் பாத்துக்கிறாங்கோ" என்றான் பெருமையாக.

"நான் பேசினது எங்க?"

"மியூசிக் போட்டுட்டாங்க."

அவள் போனை அவனிடமே கொடுத்துவிட்டுப் புளி கொட்டை எடுக்கப் போனாள்.

மனு விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது வேன் மலைக்கு வந்தது. கோபால் கையில் ஒரு பட்டியல். தவணை தவணையாகச் சேர்த்துக்கொள்வதாக முதலாளி மனமிரங்கியிருக்கிறாராம். முதல் தவணையில் பதினாலு பேர். ரேணுகாதேவி பெயர் இல்லை. பதினாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஏறியே விட்டார்கள். கெங்கம்மாள் போய் வேன் படியில் குந்திக்கொண்டாள்.

"பேர் எழுதறப்ப விட்டுப் போயிருக்கும். போன் போட்டுக் கேளு கோபாலு. நான் இப்படியே காத்தாட உக்காந்துக்கிறேன்."

ஏறிய இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். கோபால் இன்ஜினை அணைத்தான். முக்கால் மணி நேரம் மோகனோடு பேச்சு நடந்தது. மனுப் போட்டவர்களை விட்டுவிட்ட பட்டியலை விசாரணையில் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ, கடைசியில் பத்தொன்பது பேரும் போனார்கள். பயந்து ஒதுங்கிய மூன்று பேர் அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேணுகாதேவி மட்டும் கொஞ்ச நாள் அவர்களோடு பேசாமல் இருந்தாள்.

பேக்கிங் டேபிளில் அவள் இடத்தில் மாமினி என்ற ஒடிசாப் பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து மாமினி அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "அக்கா, அமெரிக்கா டாக்ஸ் எப்போ முடியும்?"

"ஏன் கேக்கற?"

"டாக்ஸ் முடிஞ்சாத்தான் ஓவர்டைம் பைசா. மோகன் சார் சொன்னாங்க."

ரேணுகாதேவி கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அமெரிக்கா எத்தனை பேரைக் கெடுத்ததோ அது வேறு கணக்கு; அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கேட்டுக்குள்ளேயே எத்தனை பேரை ஏய்க்க முடிகிறது.

"மத்தியானம் எங்க துன்ற?"

"ஹாஸ்டல் மெஸ்."

"இன்னிக்கி எங்ககூட வந்து துன்னு. உன்கூட வந்தவங்க எத்தினி பேர் வருவாங்களோ அத்தினி பேரையும் இட்டுனு வா. பேசணும்."